இரண்டு புள்ளிகள்

சுங்குவார்சத்திரத்தின் விடுதி அறையில் காலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் விரித்திருக்கிறது. இரவு ஷிப்ட் முடித்த பெண்கள் தூங்குவதால் ஷெர்லின் கீபோர்டின் ஒலியை முழுவதும் குறைத்து வைத்திருக்கிறாள். கட்டைகள் அமுங்கும் டக் டக் மட்டும் கேட்கிறது. ஞாயிறன்று அம்மாவின் நினைவு ஜெபத்தில் அவள் இந்தப் பாட்டை வாசிக்க வேண்டும். இசைக்குறிப்புத் தாளில் தடித்த கோடும் அதன் பக்கத்தில் இரண்டு புள்ளிகளும் வரும்போதெல்லாம் அவள் விரல்கள் முதல் வரிக்கே திரும்புகின்றன. அழவில்லை. கம்பெனி லைனில் சர்க்யூட் போர்டு பொருத்தும்போது இருக்கும் அதே முகம்.

"இன்னாடி, அதே எடத்துலயே சுத்திகினு கீற?" பக்கத்துக் கட்டிலில் போர்வையை விலக்கிப் பார்த்து ரத்னா கேட்கிறாள்.

"புள்ளி வந்தா திரும்பணும்லாக்கா."

"எத்தினி வாட்டி?"

"தெரியலக்கா. ஷிப்ட் பெல் அடிக்கது வரைக்குமோ என்னமோ."

ரத்னா போனில் தேடுகிறாள். "ஒரே வாட்டிதான்டி. அப்பால தாண்டிப் போயிகினே இருக்கணுமாம்."

ஷெர்லின் தாண்டுகிறாள். இதுவரை தொடாத வரி மெதுவாக நகர்ந்து முடிகிறது. கடைசிக் கோடும் தடித்ததுதான். பக்கத்தில் திரும்பச் சொல்லும் புள்ளிகள் இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் ரத்னாவிடம் கேட்கவில்லை. கடைசிக் கட்டையிலிருந்து விரலை மட்டும் எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.