காதைத் தூக்கிய நாய்

இடிந்த சமையலறைச் சுவரின் செங்கற்களைத் தையல்காரன் வெறுங்கையால் வாரி எறிந்துகொண்டிருந்தான். அடியில் அவன் மனைவி. நகம் பிய்ந்து ரத்தம் வழிந்தது.

அவள் வளர்த்த வெள்ளை நாய் ஓரமாகப் படுத்திருந்தது. அதன் நீலக் கண்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "எழுந்திரிக்காதடா தங்கம், அப்படியே கிட!"

நாய் சட்டென்று காதைத் தூக்கியது. வாலை ஆட்டிக்கொண்டு இடிபாட்டை நோக்கி ஓடியது.

"மாமா! அக்கா கூப்பிடறது அதுக்குக் கேட்டுடுச்சு! அக்கா உயிரோடதான் இருக்கா!" சேதி கேட்டு வெளியூரிலிருந்து வந்திருந்த மைத்துனன் துள்ளினான்.

தையல்காரன் கையிலிருந்த செங்கல் நழுவியது. அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

நாய் பிறவிச் செவிடு. தரையைக் காலால் தட்டித்தான் கூப்பிடுவார்கள். இதற்குமுன் ஒரே ஒருமுறைதான் அது காதைத் தூக்கியிருக்கிறது. அவன் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, அம்மாவின் காலி அறையைப் பார்த்து.