முட்டை இல்லாத கிண்ணம்

கிண்ணத்தை உள்ளே வைத்துச் சரியாக நாற்பத்து நான்கு மணி நேரம் கழித்து இன்குபேட்டரைத் திறந்தாள் ரெஜினாமேரி.

ஐந்து வருட ஆராய்ச்சி. பன்றியின் கருமுட்டை முதிரும்போது அதைச் சுற்றியிருக்கும் செல்கள் பசை போல ஒன்றைச் சுரந்து, பஞ்சுப்பொதியாய் உப்பி நிற்கும். முட்டை உத்தரவு போடுவதால்தான் அப்படிச் செய்கின்றன என்பது அவள் வாதம். அதை நிரூபிக்க, இருபது செல் கொத்துகளிலிருந்து முட்டையை மட்டும் உறிஞ்சி எடுத்திருந்தாள். அவை உப்பாமல் கிடந்தால் டாக்டர் பட்டம். உப்பிவிட்டால் ஐந்து வருடமும் குப்பை.

கிண்ணத்தை எடுத்து மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தாள்.

இருபதும் உப்பியிருந்தன.

"நீங்க முட்டையைச் சரியா எடுத்திருக்க மாட்டீங்க மேடம்," என்றார் லேப் உதவியாளர் சூசை. "கசாப்புக் கூடத்துலேர்ந்து சூடு ஆறாம நான் தூக்கிட்டு வந்த பன்றிச் சினைப்பை. அதுமேல பழி போட்டுடாதீங்க."

அதேதான். முட்டை உள்ளேயே தங்கியிருக்க வேண்டும்! ஊசியால் முதல் கொத்தைப் பிரித்தாள். நடுவில் ஒன்றுமில்லை. அடுத்ததிலும் இல்லை. பதினேழாவதிலும் இல்லை.

"அப்ப யாருக்காகம்மா இதுங்க இப்படிக் கட்டுதுங்க?" சூசையின் குரலில் கிண்டல் போயிருந்தது.

செல்போன் அடித்தது. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர்.

"என்னம்மா, ரிசல்ட் என்ன சொல்லுது?"

ஊசியை மெல்ல உயர்த்தினாள். நுனியோடு பசை நூலாய் நீண்டு வந்தது; எவ்வளவு இழுத்தும் அறுபடவில்லை.

"இன்னும் திறக்கலை சார்," என்றாள்.