முட்டை அட்டை

“என் மேஜையில கை வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? தூசி இருந்தா இருந்துட்டுப் போகட்டும்!”

துடைக்கும் துணியோடு மனைவி பின்வாங்கினாள். மேஜையில், கிதார் சத்தத்தை மாற்றும் பெடல் கிட் ஒன்று பிரித்துக் கிடந்தது. கலர் கோடு போட்ட பொடிப்பொடி ரெசிஸ்டர்களை எண் போட்ட முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாக வைத்து, எண்ணை மட்டும் பார்த்து அதற்குரிய இடத்தில் ஈயத்தால் பற்றவைப்பது கணவர் வழக்கம்.

அவருடைய முதல் பெடலை வாங்கிய கிதார்காரர், “இப்படியொரு சத்தம் கேட்டதே இல்ல சார்! இன்னும் வேணும்” என்று சொல்லியிருந்தார். அடுத்துச் செய்த மூன்றிலும் அந்தச் சத்தம் வரவேயில்லை.

“முதல் பெடலைத் திறந்து பார்த்தா தெரிஞ்சிடுமே?”

“எவனும் காப்பியடிக்கக் கூடாதுன்னு உள்ளே பசையை ஊத்தி மூடிட்டேன். என் கைராசி வெளியே போகலாமா?”

மனைவி தயங்கினாள். “திட்டாதீங்க. முதல் பெடல் செஞ்சீங்களே, அன்னிக்குத் துடைக்கும்போது இந்த அட்டை கவிழ்ந்துடுச்சு. கலர் கோடு பார்த்து, அழகா இருக்கிற மாதிரி நானே அடுக்கி வச்சேன்.”

“எதை எந்தக் குழியில?”

“அதெல்லாம் யாருக்கு ஞாபகம்?”

கணவர் முட்டை அட்டையை மெல்ல மேஜை ஓரத்துக்கு நகர்த்தினார்.

“மேஜையெல்லாம் ஒரே தூசிம்மா. அன்னிக்குத் துடைச்ச மாதிரியே ஒரு தடவை துடைச்சு விடேன்.”