இளவரசி அழ வேண்டும்

“அழு பாப்பா! உங்கம்மா கல்லாயிட்டாங்க. இனிமே உன்கூடப் பேசவே மாட்டாங்க. அழு!”

டைரக்டர் தொண்டை கிழியக் கத்தினார். பறக்கும் குதிரையின் மேல் உட்கார்ந்திருந்த பாப்பா, கல்லாகிப்போன ராணியைப் பார்த்தாள். தெர்மாகோல் சிலை. நிஜ ராணி கேரவனில் ஏசி போட்டுக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள். இதற்குப் போய் எப்படி அழுவது?

தியேட்டரில் இந்தக் குதிரை மேகங்களுக்கு நடுவே பறக்குமாம். பாப்பாவின் கண்ணுக்கு நாலு பக்கமும் பச்சைத் துணிதான் தெரிந்தது. குதிரையைத் தூக்கிப் பிடித்திருந்த பச்சை டிரஸ் அண்ணன்களில் ஒருவர் தும்மிக்கொண்டே இருந்தார்.

ஆறு டேக் ஆகிவிட்டது. கிளிசரின் போட்டதில் நேற்றே கண் வீங்கிப்போய், டாக்டர் கூடவே கூடாது என்றுவிட்டார். டைரக்டர் கெஞ்சியும் பார்த்தார், மிரட்டியும் பார்த்தார்; அவர் பாச்சா எதுவும் பலிக்கவில்லை.

பாப்பாவுக்கும் அழத்தான் ஆசை. தினமும் கூடவே வரும் அம்மாவுக்கு இன்று காலையில் ஆபரேஷன். அப்பாவும் ஆஸ்பத்திரியில் இருந்தார். இன்றைய வேலை முடிந்ததும் காரில் அம்மாவிடம் அனுப்புவதாக டைரக்டர் சத்தியம் செய்திருந்தார். ஆனால் அம்மாவைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்தாலே அந்த ஏழு வயதுக்குச் சிரிப்புதான் வந்தது.

மேனேஜர் கையில் போனோடு ஓடிவந்தார். டைரக்டரை ஓரமாக இழுத்துப்போய்க் காதில் ஏதோ சொன்னார். தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டார் என்று எல்லோரும் கேலி பேசும் தொப்பியை டைரக்டர் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“நாளைக்கு செட்டப் பிரிச்சிடுவாங்க சார். இன்னைக்கு விட்டா அவ்வளவுதான்” என்று மேனேஜர் சொன்னது மட்டும் பாப்பாவுக்குக் கேட்டது.

டைரக்டர் கேமராமேனுக்குக் கண்ணைக் காட்டினார். பிறகு குதிரையருகே வந்து குனிந்தார்.

“பாப்பா, உங்கம்மா செத்துட்டாங்கடா. ஆபரேஷன்ல காப்பாத்த முடியல.”

பாப்பா வீறிட்டாள். குதிரையிலிருந்து விழுந்தடித்து ஓடி, சிலையைக் கட்டிக்கொண்டு “அம்மா, அம்மா” என்று கதறினாள். தெர்மாகோல் அவள் நகத்தில் பிய்ந்து வந்தது. கல்நெஞ்சும் கரைகிற அழுகை.

“கட்! ஓகே!”

வழக்கமாகக் கைதட்டுபவர்கள் இன்று தட்டவில்லை. டைரக்டர் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“அழாத, அழாத. சும்மா சொன்னேன். உன்ன அழ வைக்கத்தான். சினிமால இதெல்லாம் சகஜம்டா.”

“அப்போ அம்மா?”

“நல்லா இருக்காங்க. கண்ணு முழிச்சதும் உன்னத்தான் கேட்டாங்களாம். அப்பா இப்பத்தான் போன் பண்ணாரு.”

பாப்பாவின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. “போங்க மாமா, நீங்க ரொம்ப மோசம்!” என்று அவர் தோளில் குத்தினாள்.

“நீங்கல்லாம் ஒரு மனுஷனா சார்?” என்றாள் மேக்கப் அக்கா. கேட்டாளே தவிர, கலைந்த பவுடரை அவள்தான் சரிசெய்தாள்.

“அடுத்த ஷாட்ல ராணிக்கு உயிர் வந்துடுது. ஓடிப்போய்க் கட்டிக்கிட்டு சிரிக்கணும். முடிஞ்சதும் கார்ல ஏறிட வேண்டியதுதான்” என்றார் டைரக்டர்.

லைட் மாற்றி முடிக்க ரெண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த ரெண்டு மணி நேரமும் அம்மா, அம்மா என்று பாப்பா எல்லோர் காதையும் துளைத்தெடுத்தாள்.

நிஜ ராணி வந்து நின்றாள். பாப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், அப்படியொரு சிரிப்பைக் காசு கொடுத்து வாங்க முடியாது. ஒரே டேக்கில் ஓகே.

கிரீடத்தைக்கூடக் கழற்றாமல் காரில் ஏறினாள். “அண்ணே, வேகமாப் போங்க. அம்மா பாத்துக்கிட்டே இருப்பாங்க!”

டிரைவர் வெளியே நின்றபடி டைரக்டரைக் கேட்டார். “ஆஸ்பத்திரிக்குத்தானே சார்?”

டைரக்டர் கார்க் கதவை இறுக்கிச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“வீட்டுக்கு விடு. பாடி அங்க வந்தாச்சு.”