வெள்ளைக் கோபுரத்துக்கு இரண்டு டிக்கெட்

எவாந்தியா யாரிடமும் வழி கேட்கவில்லை.

கிரேக்க நாட்டுத் தெசலோனிக்கியின் மேல் நகரத்துக் கல்படிகளில் அவள் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தாள். ஓர் அத்திக் கிளை வரும் இடத்தில், அதைப் பார்க்காமலே குனிந்துகொண்டாள்.

பின்னால் வந்த ஸ்டமாத்திஸுக்கு அது நெற்றியில் இடித்தது.

அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். வோலோஸ் துறைமுகத்தில் அவன் நடத்தும் படகுப் பெயின்ட் கடையில் அவள்தான் கல்லாவில் உட்காருகிறவள். அங்கே ஒரு திருவிழாவுக்குப் போவதென்றாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். இங்கே, அவள் படித்த ஊரில், அவன் அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது.

அவனுக்கு அந்த ஊரின் மேலேயே பொறாமையாக இருந்தது. அந்தப் படிகள் மேல், மதிலில் படுத்திருந்த பூனைகள் மேல்.

ஊரோடு சண்டை போட முடியாது. அதனால் ஓர் ஆள் கிடைத்தபோது அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஆள் பெயர் லாஸரோஸ். அவளோடு கூடப் படித்தவன். பழைய ரோமானிய வளைவுக்குப் பக்கத்தில் காப்பிக்கடை வைத்திருந்தான். அவளைக் கண்டதும் ஓடி வந்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். அதை ஸ்டமாத்திஸ் பொறுத்துக்கொண்டான். யாராக இருந்தாலும் செய்வதுதான்.

காப்பிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று லாஸரோஸ் அவனிடம் மட்டும்தான் கேட்டான். அவளிடம் கேட்கவில்லை.

அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஸ்டமாத்திஸ் கை கழுவிவிட்டு மேசைக்குத் திரும்பும்போது, லாஸரோஸ் குனிந்து அவளிடம் கேட்டது காதில் விழுந்தது.

“இத்தனை வருஷமா அவர்கிட்ட சொல்லவே இல்லையா நீ?”

எவாந்தியா கோப்பையைத் தட்டில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தாள். கணவனைப் பார்த்ததும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது போல அவனுக்குப் பட்டது.

அன்று முழுக்க அந்தக் கேள்வி அவர்கள் கூடவே நடந்தது. அவன் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாளோ என்று பயந்தான்.

மறுநாள் ஞாயிறு. காலையில் பூகாட்சா என்ற இனிப்பு அப்பம் விற்கும் கடையில் கூட்டம். சூடான அப்பத்தைக் கத்தியால் துண்டு போட்டுச் சர்க்கரைப் பொடி தூவிக்கொண்டிருந்த கடைக்காரி, வரிசையில் நின்ற சிவப்புப் பை மாட்டிய பெண்ணை வம்புக்கு இழுத்தாள்.

“வெளியூர்ப் பசங்களோட வெள்ளைக் கோபுரம் போறியாமே? ஏறித் தொலைச்சிடாதடி. பட்டம் வராது, உங்கம்மா கிழவியாகிற வரைக்கும் உனக்கு வாடகை அனுப்பணும்.”

கடையே சிரித்தது. அந்த ஊர் மாணவர்கள் பேய்க்குப் பயப்படமாட்டார்கள். ஆனால் பட்டம் கைக்கு வருவதற்கு முன் அந்தக் கோபுரத்தில் ஒரு படிகூட ஏறமாட்டார்கள்.

ஸ்டமாத்திஸும் சிரித்தான். எவாந்தியா சட்டைக் கையில் விழாத சர்க்கரைப் பொடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். லாஸரோஸை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவன் நினைத்தான்.

கடற்கரையோரம் நடந்து கோபுரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள். இதில் யாரோடு ஏறியிருக்கிறாள் என்று, விளையாட்டாகக் கேட்பது போல் கேட்டான். யாரோடும் ஏறியதில்லை என்றாள்.

அவன் மனசு குளிர்ந்துபோனது. இந்த ஊரில் அவளோடு லாஸரோஸின் கால் படாத ஓர் இடம் அவர்களுக்கென்று மிச்சம் இருக்கிறது. ஓடிப்போய் இரண்டு டிக்கெட் வாங்கி வந்தான்.

அவள் டிக்கெட்டைப் பார்த்தாள். பிறகு கடலைப் பார்த்தாள்.

“நீ போய்ட்டு வா, ஸ்டமாத்தி. எனக்குச் செருப்பு கடிக்குது.”

நேற்றெல்லாம் அந்தக் கல்படிகளில் கடிக்காத செருப்பு.

அவன் உள்ளே போனான். சுழன்று சுழன்று ஏறும் படி. அவன் தலை மறைந்ததும் அவள் போனை எடுப்பாள். அதைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

பாதி வழியில் சுவரில் ஒரு குறுகிய ஜன்னல் இருந்தது. முகத்தை அதில் பதித்துக் கீழே பார்த்தான்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கையில் போன் இல்லை.

கீழே வாசலில் நாலைந்து இளசுகள் ஒரு பெண்ணை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சிலுவை போட்டுக்கொண்டு, கையை உதறிவிட்டு ஓடி வந்து, எவாந்தியா உட்கார்ந்திருந்த அதே பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். முதுகில் சிவப்புப் பை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எவாந்தியா ஏதோ சொன்னாள். அந்தப் பெண் சிரிப்பதை நிறுத்திவிட்டு அவளை நன்றாகத் திரும்பிப் பார்த்தாள்.

ஸ்டமாத்திஸ் ஜன்னலை விட்டு அசையவில்லை. பின்னால் வந்தவர்கள் உரசிக்கொண்டு மேலே போனார்கள்.

ஈஸ்டர் முடிந்த கையோடு கல்யாணம் என்று இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒற்றைக்காலில் நின்றவன் அவன்தான். கோடை வரைக்கும் பொறுக்கலாமே என்று அவள் ஒரே ஒரு முறை கேட்டாள். இன்னொரு கோடையும் அவள் இந்த ஊரில், கூடப் படித்த கூட்டத்தோடு இருப்பதை அவனால் தாங்க முடியவில்லை. அப்படியே முகத்துக்கு நேராகச் சொன்னான். அடுத்த வாரமே அவள் தொலைபேசியில் கூப்பிட்டு, பரீட்சையெல்லாம் முடிந்துவிட்டது, தேதி வைக்கலாம் என்றாள்.

வீட்டுச் சுவரில் அந்தப் பட்டம் ஏன் தொங்கவில்லை என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் அப்பா வீட்டில் இருக்கும் என்று இருந்துவிட்டான்.

உச்சிக்குப் போகாமல் இறங்கி வந்தான். சிவப்புப் பைக்காரி எழுந்து போயிருந்தாள். அந்த இடத்தில் உட்கார்ந்தான். இரண்டாவது டிக்கெட் கையில் வியர்வையில் நனைந்திருந்தது.

அதை நான்காக மடித்துக்கொண்டே கேட்டான்.

“எத்தனை பரீட்சை பாக்கி?”

எவாந்தியா அவன் பக்கம் திரும்பவில்லை.

“ஒண்ணு.”