மூலையறைக் குளவிக்கூடு

கட்டட வேலையில் மதியம் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், சூப்பர்வைசர் வந்து கத்துவார். குளவிக்கூடு தொங்கும் மூலையறைக்குள் மட்டும் வரமாட்டார். நானும் மச்சானும் அங்கேதான் சிமெண்ட் சாக்கை விரிப்போம்.

"யோவ், கூட்டுக்குக் கீழயே படுக்கிறீங்களே, கொட்டாதா?" ஒருநாள் வாசலில் நின்றே கேட்டார்.

"எங்ககிட்ட பழகிருச்சு சார். புது மூஞ்சியைக் கண்டாத்தான் ஆகாது."

"நாளைக்கே ஆளை விட்டுக் கலைக்கச் சொல்றேன்."

"கலைச்சா பக்கத்துல இருக்கிற உங்க ஆபீஸ் ரூமுக்குத்தான் சார் வரும்."

கன்னத்தைத் தடவிக்கொண்டார். "சரி, இருந்துட்டுப் போகட்டும்."

கட்டடம் முடிந்தது. கரண்டி, மட்டப்பலகையெல்லாம் சாக்கில் போட்டபின் மச்சானிடம் சொன்னேன்:

"கூட்டைப் பதமா கழட்டுடா. குளவி போய் வருஷக்கணக்காச்சு, உதிர்ந்துடப் போகுது."

"ஆணியையும் பிடுங்கிக்கவா மாமா?"

"பிடுங்கிக்க. அடுத்த எடத்து சூப்பர்வைசர் இவரைவிட மோசமாம்."