ஐஸ் பெட்டியில் வந்த மருந்து

"டொக்டர், பூஞ்சணம் புடிச்ச பாண் துண்டையே எங்கட ஊட்டுல வெக்க மாட்டோம். இங்க ஆளுக்கே புடிச்சீக்கு. மருந்து வேணாங்கிறீங்களே!"

அலவத்துகொட ஊர்க்காரி றலியா, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் டொக்டரை வழிமறித்து நின்றாள். கையில் ஓர் ஐஸ் பெட்டி.

உள்ளே அவள் கணவர் மர்சூக், வேன் விபத்தில் அடிபட்டு நினைவில்லாமல் கிடந்தார். அவருடைய சிறுநீரில் பங்கஸ் என்னும் பூஞ்சணம் இருப்பதாக யாரோ சொன்னதுதான் தாமதம், கொழும்பிலிருந்த அவள் தம்பி மருந்தைத் தேடி வாங்கிக்கொண்டு கண்டிக்கு பஸ் ஏறிவிட்டான். யுத்த காலம். வழி நெடுக சோதனைச் சாவடி. ஒவ்வொன்றிலும் பெட்டியைத் திறந்து, ஐஸுக்குள் குண்டு ஏதும் இருக்கிறதா என்று கிளறிப் பார்த்திருக்கிறார்கள்.

டொக்டர் பாலேந்திரன் யாழ்ப்பாணத்துக்காரர். லேசில் கோபம் வராத மனிதர்.

"பாணில பிடிச்சா என்ன செய்வியள்?"

"தூக்கி எறிவோம்."

"நானும் அதைத்தான் செய்யப்போறன். பிடிச்சிருக்கிறது சலம் போற குழாயில. அவற்ற உடம்புக்குள்ள இறங்கேல்லை. குழாயைக் கழட்டி எறிஞ்சாக் காணும். இது பொல்லாத மருந்து. தேவையில்லாமல் ஏத்தினா சிறுநீரகம் கெட்டுப்போகும்."

"அப்ப என்ட தம்பி குலுங்கிக் குலுங்கி வந்தது சும்மாவா?"

"ஓம், சும்மாதான்" என்று சிரித்துவிட்டுப் போனார் டொக்டர்.

றலியா முணுமுணுத்தபடி வாசலோரத்து வாங்குப் பலகையில் வந்து உட்கார்ந்தாள்.

"டீ குடிங்க அக்கா" என்று கோப்பையை நீட்டினாள் சந்திரிகா.

சந்திரிகா தெல்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பெண். அவள் கணவன் ராஜலிங்கம் பக்கத்துக் கட்டிலில் கிடந்தான். வந்த நாளிலிருந்து றலியாவுக்குச் சுடுதண்ணீர் கொண்டுவருவதும், வாங்கில் இடம் பிடித்து வைப்பதும் அவள்தான். றலியா எவ்வளவு சொல்லியும் பக்கத்தில் உட்கார மாட்டாள். தரையில்தான் இருப்பாள்.

மர்சூக்கின் குழாயைக் கழற்றிவிட்டார்கள். றலியாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "டொக்டர்மாரும் பிழை விடுவாங்க" என்று சொல்லி, பெட்டிக்கு ஐஸ் மாற்றி மாற்றி மருந்தைக் காத்தாள். டொக்டர் பிழை விடவில்லை. சில நாட்களில் சலம் சுத்தமாகிவிட்டது. மர்சூக் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்! பாண எறிஞ்சாச்சு, ஆள் பொழச்சாரு" என்றாள் றலியா. சந்திரிகாகூடச் சிரித்துவிட்டாள்.

அன்றைக்கே டொக்டர் வாடிய முகத்தோடு சந்திரிகாவிடம் வந்தார்.

"பிள்ளை, உன்ர மனுசனுக்கு இரத்தத்திலயே பங்கஸ் கலந்திட்டுது. கழுத்தில போட்ட குழாயைக் கழட்டிப்போட்டம். ஆனா அது மட்டும் காணாது. மருந்து ஏத்தத்தான் வேணும். இங்க அந்த மருந்து முடிஞ்சு போச்சு. கொழும்பில இருந்து வருமட்டும் தாங்குவாரோ தெரியேல்லை."

சந்திரிகா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

றலியா மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். மூடியைத் தடவினாள். பிறகு எழுந்து டொக்டரின் கையில் வைத்தாள்.

"ஐயோ, வேணாங்க அக்கா!" என்று பதறினாள் சந்திரிகா. "ஒங்ககிட்ட இத வாங்குறதுக்கு எங்களுக்கு மொகமில்ல."

"மொகத்தப் பொறகு பாப்போம். மொதல்ல ஆள் பொழைக்கட்டும். இத்தன செக்பொயின்ட் தாண்டி வந்த மருந்து சும்மா திரும்பிப் போகாது."

அந்த மருந்தில்தான் ராஜலிங்கத்தின் காய்ச்சல் இறங்கியது. மெல்ல மெல்ல அவனும் கண் திறந்தான்.

மர்சூக்கை வார்டுக்கு மாற்றினார்கள். தொண்டை தெளிந்து அவர் பேசத் தொடங்கிய நாளில், றலியா கஞ்சி ஊட்டிக்கொண்டே பெருமையோடு கதை முழுவதையும் சொன்னாள்.

"நல்ல வேல செஞ்சீங்க" என்றார் மர்சூக். "ஆரு அந்த ஆள்?"

றலியா குரலைத் தாழ்த்தினாள்.

"கலஹா ரோட்டு வளைவுல உங்கட வேனுல வந்து மோதின லொறி டிரைவர்தான். பொண்டாட்டி மொத நாளே எங்கிட்ட வந்து மன்னிப்புக் கேட்டு அழுதா. பொலிசும் அவர்ட பிழையெண்டுதான் சொன்னாங்க. என்ன செய்ற, உசிரு தானே? மன்னிச்சிட்டேன்."

மர்சூக் கரண்டியை விலக்கிவிட்டு, கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"றலியா, அந்தப் புள்ளையக் கொஞ்சம் கூப்பிடுங்கோ. மன்னிப்புக் கேக்க வேண்டிய ஆள் நான். லொறி அதுட பக்கத்துலதான் வந்திச்சு. கண்ணயந்து குறுக்கால போனது நம்மட வேன்."